தொடக்க விழாவில் மாமாவைக் கண்டது

என் மகளுக்கு மூன்றரை வயது. நாள்தோறும் எதையாவது கண்டதாக வந்து சொல்கிறாள். கிணற்றடியில் யானை நின்றது, பாலர் பாடசாலை வாசலில் அப்பா நின்றார், வானத்தில் ஒரு பூனை போனது. கணவர் சிரித்துக்கொண்டே பூனை என்ன நிறம் என்று கேட்பார். எனக்கு அப்படிக் கேட்க வருவதில்லை. "உண்மையாக் கண்டனியே? வடிவா யோசிச்சுச் சொல்லு" என்று குழந்தையின் தோளைப் பிடித்து விசாரிக்கிறேன். விசாரித்த பிறகு, ஏன் இப்படி இறுக்கிப் பிடித்தேன் என்று அன்று முழுவதும் மனம் அரிக்கும். இந்த வயதில் பிள்ளைகள் இப்படித்தான், இது பொய்யில்லை என்று நானும் படித்திருக்கிறேன். படித்தும் என்ன? ஒரு பிள்ளை விரலை நீட்டி "அங்கை பாருங்கோ" என்றால் எனக்கு அந்த விரலைப் பிடித்து மடக்கிவிடத் தோன்றுகிறது. அதற்குக் காரணம் ஓர் ஒலிம்பிக் தொடக்க விழா.

லண்டனில் ஒலிம்பிக் நடந்த வருடம் நான் ஐந்தாம் வகுப்பு. புலமைப்பரிசில் பரீட்சைக்குச் சில வாரங்களே இருந்தபடியால் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியை ஒரு மேசை விரிப்பால் மூடி வைத்திருந்தார்கள். அந்த விரிப்பை ஒரே ஒரு நாள் எடுத்தார்கள். எங்கள் வீட்டில் யாருக்கும் விளையாட்டில் பெரிய அக்கறை கிடையாது. அந்த விழாவில் மாமா வரப்போகிறார் என்பதற்காகத்தான் எடுத்தார்கள்.

மாமா என் அம்மாவின் தம்பி. லண்டனுக்குப் போய் அப்போது ஐந்து வருடம். அவர் புறப்படும்போது பதிவுக் கலியாணம் எழுதி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. மாமி புத்தூர்க்காரி. வெங்காயத் தோட்டம் செய்யும் சைவக் குடும்பம். நாங்கள் மிஷன் பாடசாலையில் படித்து, மிஷன் பாடசாலையிலேயே படிப்பித்து வந்த கிறிஸ்தவக் குடும்பம். வீட்டாருடைய சொல்லைக் கேளாமல் மாமாவை எழுதிக்கொண்டு தெல்லிப்பழையில் எங்கள் வீட்டுக்கு வந்த மாமி, மாமா போன பிறகும் புத்தூருக்குத் திரும்பிப் போகவில்லை. எங்களோடு தேவாலயத்துக்கு வந்தார். பாட்டுப் புத்தகத்தில் விரலை வைத்து வரி பார்த்துப் பாடப் பழகினார். தேவாலயத்துப் பாலர் பாடசாலையில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். லண்டனுக்குப் போகத் தேவைப்படும் என்று சனிக்கிழமைகளில் ஆங்கில வகுப்புக்கும் போனார்.

"இந்த வருசம் கூப்பிட்டிடுவார்" என்று ஒவ்வொரு வருடமும் சொன்னார். ஊரில் முதலில் "எப்ப போறியள்?" என்று கேட்டார்கள். பிறகு "இன்னும் போகேல்லையோ?" என்று கேட்டார்கள். கடைசியில் கேட்பதையே விட்டுவிட்டார்கள். கேட்காமல் விட்டதுதான் மாமியை அதிகம் வருத்தியிருக்க வேண்டும். அப்போது எனக்கு அது தெரியாது. கேள்விகள் நின்றதால் மாமிக்கு நிம்மதி என்றே நினைத்தேன்.

மாமா வழக்கமாக ஞாயிறு பின்னேரம் அழைப்பார். அந்த வருடம் மாசி, பங்குனியளவில் அழைப்புகள் குறைந்தன. இரண்டு வாரம், மூன்று வாரம் இடைவெளி விழுந்தது. பிறகு ஒரு நாள் அழைத்து, ஒலிம்பிக் தொடக்க விழாவில் மேளம் அடிக்கும் கூட்டத்துக்குத் தன்னைத் தெரிவு செய்திருக்கிறார்கள், சனி ஞாயிறெல்லாம் ஒத்திகை, அதனால்தான் எடுக்க முடியவில்லை என்றார். மாமி அதைக் கேட்ட மறுநாளே தெருவுக்கே தெரிந்துவிட்டது. பாலர் பாடசாலைக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் தாய்மாரிடம் சொன்னார். மரக்கறிக் கடையில் சொன்னார். புத்தூருக்குத் தொலைபேசி எடுத்துத் தன் அண்ணையிடமும் சொன்னார். "நீங்களே வந்து பாருங்கோ அண்ணை" என்று அவர் சொன்னது எனக்கு நல்ல நினைவு. ஐந்து வருடத்தில் மாமி அவ்வளவு உரத்துப் பேசி நான் கேட்டதில்லை.

விழா எங்கள் நேரப்படி நடுச்சாமம் கழிந்துதான் நடந்தது. அதை மறுநாள் சனிக்கிழமை காலையில் திரும்பப் போட்டார்கள். அம்மா, அப்பா, மாமி, பக்கத்து வீட்டு அன்ரி, அவருடைய ஓய்வுபெற்ற கணவர், எல்லாரும் எங்கள் முன்னறையில் கூடியிருந்தோம். மாமியின் அண்ணை மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். தோட்டத்துச் செம்மண் இன்னும் காலில் இருந்தது. தேத்தண்ணியைக் கையில் வாங்கிக் குடிக்காமல் கதிரைக் காலடியில் வைத்தார். நான் நிலத்தில், திரைக்கு மிகவும் கிட்ட இருந்தேன். என் கண் கெட்டுப்போகும் என்று அன்று யாரும் சொல்லவில்லை.

விழா தொடங்கியதும் எல்லாருக்கும் ஒரு சின்ன ஏமாற்றம். வெடியும் வெளிச்சமும் வரும் என்று பார்த்தால் பெரிய மைதானம் முழுக்கப் புல்லு. புல்லில் உண்மையான ஆடுகள். மாடுகள். வாத்துகள்.

"உதென்ன, ஆட்டுப் பட்டியெல்லே காட்டுறாங்கள்" என்றார் மாமியின் அண்ணை. "உதுக்கோ உங்கடை ஆள் லண்டனுக்குப் போனவர்? எங்கடை வளவிலை நிண்டே மேய்ச்சிருக்கலாமே."

பக்கத்து வீட்டு அன்ரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்பாவும் சிரித்தார். மாமியும் சிரித்தார். ஆனால் அவர் மற்றவர்களைப் பார்த்து, எவ்வளவு சிரிக்க வேண்டும் என்று அளந்து சிரித்ததுபோல் இருந்தது.

"பொறுங்கோ தம்பி, அது அந்தக் காலத்துக் கிராமமாம்" என்றார் அன்ரியின் கணவர். அவர் அரசாங்கக் கந்தோரில் கிளாக்காக வேலை செய்தவர். ஆங்கில வர்ணனையை எங்களுக்குத் தமிழில் சொல்லும் பொறுப்பைத் தானாகவே எடுத்துக்கொண்டிருந்தார். "இனித்தான் தொழிற்சாலை வரும்."

வந்தது. புல்லைச் சுருட்டி எடுத்தார்கள். நிலத்துக்குள் இருந்து பெரிய புகைபோக்கிகள் எழும்பின. எல்லாப் பக்கமும் இருந்து தொழிலாளிகள்போல் உடுத்த ஆட்கள் நூற்றுக்கணக்கில் இறங்கி வந்தார்கள். கறுப்பும் சாம்பலுமான உடுப்பு. முகத்தில் கரி. கூடவே மேளம். அந்தச் சத்தம் எங்கள் சின்னத் தொலைக்காட்சிப் பெட்டிக்குள் அடங்காமல் இரைந்தது.

"உவைதான்!" என்று மாமி எழும்பி நின்றார். "மேளம் அடிக்கிறவையோடைதான் தான் நிக்கிறன் எண்டவர்."

எல்லாரும் முன்னுக்குச் சாய்ந்தோம். கமரா ஓர் இடத்தில் நிற்கவில்லை. ஒரு முகம் வருவதற்குள் வேறொரு முகம் வந்தது. கரி பூசியிருந்ததால் வெள்ளைக்காரரா, கறுப்பரா, எங்கள் ஆட்களா என்றுகூடப் பிரித்தறிய முடியவில்லை. ஐந்து நிமிடம் போயிருக்கும். பத்து நிமிடமும் போயிருக்கலாம். அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டார். அன்ரி இருவரைக் காட்டி "அவரோ? இவரோ?" என்று கேட்டுவிட்டு, "சீ, இல்லை" என்றார்.

மாமியின் அண்ணை நிமிர்ந்து சாய்ந்துகொண்டார். "அஞ்சு வருசமாக் காட்டாத முகத்தை ரீவியிலையோ காட்டப்போறான்? நீ இரு பிள்ளை, கால் நோகும்."

அவர் கேலியாகச் சொன்னாரா, இரக்கத்தில் சொன்னாரா என்று இன்றும் எனக்குத் தெரியாது. அப்போது கேலி என்றே நினைத்தேன். மாமி கதிரையில் இருக்கவில்லை. முந்தானைத் தலைப்பை ஒரு விரலில் சுற்றி அவிழ்த்து, திரும்பவும் சுற்றிக்கொண்டு நின்றார். மேளக்காரர் கலைந்து போகத் தொடங்கியிருந்தார்கள்.

நான் எழும்பி விரலை நீட்டினேன். "அங்கை! அங்கை மாமா!"

"எங்கை? எங்கை?" என்று ஆறு பேரும் கத்தினார்கள். அதற்குள் படம் மாறிவிட்டது.

"போட்டுது, மாறிப்போட்டுது" என்றேன். "முன்னுக்கு நிண்டவர். இந்தப் பக்கம்."

மாமி என் முன்னால் முழந்தாளிட்டு என் இரண்டு கன்னங்களையும் பிடித்தார். "கண்டனியே பிள்ளை? வடிவாக் கண்டனியே?"

"ஓம் மாமி. வடிவாக் கண்டன்."

ஏன் சொன்னேன்? மாமியின் முகத்தைப் பார்க்க மனம் தாங்கவில்லை என்று பல வருடங்களாக எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். அதில் பாதி உண்மை. மீதிப் பாதி, அத்தனை பெரியவர்கள் தேடியும் காணாததைக் கண்ட பிள்ளையாக இருக்க எனக்கு ஆசை வந்தது. நான் வகுப்பிலும் ஞாயிறு பாடசாலையிலும் முதற்பிள்ளை. முதலாவதாக இருந்து பழகியவளுக்கு அந்த இடம் வெறுமையாகக் கிடப்பது பொறுக்கவில்லை.

மாமியின் அண்ணை என்னை நிதானமாகப் பார்த்தார். பிறகு, "உது பொய் சொல்லுற பிள்ளையில்லை" என்றார். குனிந்து, ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். "சரி. அப்ப இருக்கிறான். இனி உன்னைக் கூப்பிடுவான்தானே." போகும்போது மாமியின் தலையில் கையை வைத்துவிட்டுப் போனார். மாமி தெருப் படலையடியில் நின்று வெகுநேரம் அழுதார்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம். வீட்டில் நல்லது ஏதும் நடந்தால், பரீட்சையில் தேறினால், பிள்ளை பிறந்தால், வெளிநாட்டிலிருந்து யாரும் சுகமாக வந்து சேர்ந்தால், ஒரு கடிதவுறையில் நன்றிக் காணிக்கையை வைத்து, காரணத்தை வெளியில் எழுதிக் கொடுப்போம். போதகர் அதை ஆராதனை நடுவில் வாசித்து நன்றி ஜெபம் செய்வார். மறுநாள் ஞாயிறு மாமி கடிதவுறை கொடுத்திருக்கிறார் என்று எனக்கு முன்கூட்டித் தெரியாது. போதகர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்: தன் கணவர் ஒலிம்பிக் தொடக்க விழாவில் பங்குபற்றியதற்காகவும், அவரைக் குடும்பத்தார் தொலைக்காட்சியில் காணக் கிருபை செய்ததற்காகவும் நன்றி செலுத்துகிறார். சபையில் ஒரு மகிழ்ச்சி முணுமுணுப்பு. முன் வாங்கில் இருந்தவர்கள் திரும்பி மாமியைப் பார்த்துச் சிரித்தார்கள். எல்லாரும் கண்ணை மூடினார்கள். நான் மூடவில்லை. மூடினால் ஏதோ நடந்துவிடும் என்று பயமாக இருந்தது.

அன்று பின்னேரம் மாமா அழைத்தார். மாமி முதலில் கதைத்தார். என்ன கதைத்தார் என்று கேட்கவில்லை, சிரிப்புத்தான் கேட்டது. பிறகு கைத்தொலைபேசியை என் காதில் வைத்தார்.

"என்ன குஞ்சு, என்னைக் கண்டனியாம்?" மாமாவின் குரல் எப்போதும்போல் தூரத்தில் இருந்தது.

"ஓம் மாமா."

"எந்த இடத்திலை கண்டனி? சொல்லு பாப்பம்."

மாமி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது சொல்லவேண்டும். "முன்னுக்கு நிண்டனீங்கள். சிவப்புச் சால்வை கட்டியிருந்தனீங்கள்."

அந்தப் பக்கம் கோப்பைகள் மோதும் சத்தம் கேட்டது. பிறகு மாமா சொன்னார்: "ஓமடா. அது நான்தான். கெட்டிக்காரி."

எனக்கு முதலில் உச்சி குளிர்ந்தது. இரவு பாயில் படுத்த பிறகுதான் யோசித்தேன். அந்த மேளக்காரரில் ஒருவரும் சிவப்புச் சால்வை கட்டியிருக்கவில்லை. எல்லாரும் கறுப்பு, சாம்பல். சிவப்பு என் வாயில் தானாக வந்தது. அப்படியானால் மாமா ஏன் ஓம் என்றார்? நான் சொன்னது பொய். மாமா ஓம் என்றதும் பொய். பெரிய ஆள் ஒருவர் பொய் சொன்னதைக் கண்டுபிடித்துவிட்டேன் என்ற நினைப்பு எனக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. அது பயமா, பெருமையா என்று தெரியாமல் இரண்டும் கலந்து கிடந்தது.

பரீட்சை முடிந்தது. நான் நன்றாக எழுதவில்லை, பொய்யின் தண்டனைதான் அது என்று நம்பினேன். சாப்பாடு இறங்கவில்லை. ஒரு நாள் அம்மா குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் இருந்தேன். "அம்மா, மாமா அந்த விழாவிலை நிண்டவரோ?" என்று கேட்டேன்.

அம்மாவின் கத்தி நின்றது. "நீதானே கண்டனீ."

"கண்டனான்தான். எண்டாலும்..."

"எண்டாலும் கிண்டாலும் வேண்டாம். பெரியாக்களின்ரை கதையை நீ கிண்டாதை. போய்க் கொப்பியை எடு."

அம்மா அப்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் சொல்லியிருப்பேன், வீட்டுக்குள்ளேயே அது முடிந்திருக்கும் என்று சில நாள் நினைப்பதுண்டு. பிறகு, குற்றத்தை அம்மாமீது தள்ளிவிடப் பார்க்கிறேனோ என்று அதையும் அழித்துவிடுவேன்.

அடுத்த மாதம் ஞாயிறு பாடசாலை ஆண்டு விழா. பாட்டு, நாடகம், வசனப் போட்டி எல்லாம் உண்டு. அவற்றோடு, பெரிய வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேர் சாட்சி சொல்ல வேண்டும். தாங்கள் செய்த ஒரு பிழையையும் அதற்காக மனம் வருந்தியதையும் சபையின் முன் சொல்வது. ரீச்சர் முன்கூட்டி எங்களிடம் கேட்கவில்லை. "மனசிலை இருந்து வரவேணும் பிள்ளையள், எழுதிப் பாடமாக்கக் கூடாது" என்றார்.

எனக்கு முன் நான்கு பேர் சொன்னார்கள். ஒருவன் மாங்காய் களவெடுத்தவன். ஒருத்தி தங்கைக்குக் கிள்ளியவள். ஒருவன் களவெடுத்தது அழிறப்பர். மற்றவனும் மாங்காய்தான். சபை அன்பாகக் கைதட்டியது. என்னுடையது இவற்றைவிடப் பெரிது என்று எனக்குத் தெரிந்தது. அந்த நினைப்பு வந்ததை மறைக்க மாட்டேன். நான் ஒலிவாங்கிக்கு முன் போய் நின்று, ஆண்டு விழாவுக்கு ஏற்ற சுத்தமான தமிழில், நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

"நான் ஒரு பொய் சொன்னேன். ஒலிம்பிக் தொடக்க விழாவில் என் மாமாவைக் கண்டதாகச் சொன்னேன். நான் காணவில்லை. அவர் சிவப்புச் சால்வை கட்டியிருந்தார் என்று அவரிடமே சொன்னேன். அங்கே ஒருவரும் சிவப்புச் சால்வை கட்டியிருக்கவில்லை. ஆனால் மாமா ஓம் என்று சொன்னார். ஆகையால் மாமாவும் பொய் சொன்னார். எங்கள் இருவரையும் ஆண்டவர் மன்னிக்க வேண்டும். என் மாமாவுக்காக எல்லோரும் ஜெபம் செய்யுங்கள்."

போதகர் தொண்டையைச் செருமினார். கடிதவுறையை வாசித்தவர் அவர்தானே. ரீச்சர் முதலில் கைதட்டத் தொடங்கினார், பிறகு பிள்ளைகள், பிறகு பாதிச் சபை. போதகர் என் தலையில் கைவைத்து, சிறு பிள்ளையின் கள்ளமில்லாத உள்ளம் பற்றி இரண்டு வசனம் பேசினார். எனக்கு முதற்பரிசு கிடைத்தது. பூ வரைந்த ஒரு வசன அட்டை.

நான் மேடையில் நின்றபடியே மாமியைத் தேடினேன். அவர் பாலர் பாடசாலைத் தாய்மாருடன் மூன்றாவது வாங்கில் இருந்தார். நேராகப் பார்த்தபடி இருந்தார். பக்கத்தில் இருந்த பெண்கள் அவரைப் பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார்கள். அம்மா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விழா முடிந்ததும் மாமி என்னிடம் வந்தார். என் சட்டைக் கொலர் மடிந்திருந்ததை நேராக்கினார். "நல்லாச் சொன்னனீ" என்றார். நான் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். பாவம் கழிந்த பிள்ளைபோல் துள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அன்று மத்தியானம் இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

பின்னேரம் மாமா அழைத்தார். மாமி கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு முருங்கை மரத்தடிக்குப் போனார். நான் யன்னலால் பார்த்தேன். அவர் குரலை உயர்த்தவில்லை. "நான் ஒண்டும் கேக்கேல்லை. கேக்கேல்லையெண்டு சொல்லுறனெல்லே... எங்கை இருக்கிறியள், சாப்பிடுறியளோ, அதை மட்டும் சொல்லுங்கோ." அதற்குப் பிறகு "ஹலோ, ஹலோ" என்ற சத்தம்தான்.

மாமா அதற்குப் பிறகு அழைக்கவில்லை. அடுத்த ஞாயிறும் இல்லை, அதற்கடுத்ததும் இல்லை. மாமி எடுத்தாலும் அந்த இலக்கம் வேலை செய்யவில்லை.

நான் பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகுதான் அம்மா எனக்கு இதைச் சொன்னார். மாமாவின் தஞ்சக் கோரிக்கையை அங்கே இரண்டு தடவை நிராகரித்திருந்தார்கள். பிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் அவர் விலாசம் மாற்றி மாற்றி, ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்கட்டில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். விழா நடந்த இரவும் அங்கேதான் நின்றார். கடைக்காரர் போட்டிருந்த தொலைக்காட்சியில் மேளம் அடிப்பவர்களைக் கண்டாராம், கதவிடுக்கால். தன்னிடம் கடுதாசி ஒன்றும் சரியில்லை, யாரையும் கூப்பிட முடியாது என்று மனைவிக்குச் சொல்ல வாய் வராமல், ஒத்திகை என்று சொல்லியிருக்கிறார். அம்மாவுக்கு அது அப்போதே தெரியும். ஒரு வழி கிடைத்ததும் நானே அவளுக்குச் சொல்லுவன், அதுவரைக்கும் பொறு அக்கா என்று கெஞ்சிக் கேட்டிருக்கிறார். அந்தப் பொய் நின்ற வரைக்கும்தான் அவருக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களோடு கதைக்க முகம் இருந்தது. அதை ஒலிவாங்கியில் வைத்து உடைத்தவள் நான். பிழையை ஒப்புக்கொள்வது வேறு, இன்னொருவரின் பிழையைச் சபைக்கு எடுத்துச் சொல்வது வேறு என்று எனக்கு அப்போது யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. இல்லை, சொல்லித் தந்திருந்தாலும் நான் கேட்டிருப்பேனோ தெரியாது. முதற்பரிசு அவ்வளவு கிட்டத்தில் இருந்தது.

போன வருடம் பருத்தித்துறை வீதியில் பஸ்ஸில் மாமியைக் கண்டேன். புத்தூரில் ஏறினார். தலையில் நரை விழுந்திருந்தது. மடியில் இருந்த மகளின் தலைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டேன். அடுத்த தரிப்பில், எங்கள் இடம் வருவதற்கு முன்னமே, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். வெயிலில் அரை மணித்தியாலம் நின்றோம். ஏனம்மா இங்கை இறங்கினனாங்கள் என்று மகள் கேட்டதற்கு ஏதோ ஒரு பதில் சொன்னேன். அதுவும் பொய்தான்.

மாமி எங்கள் வீட்டை விட்டுப் போனது அந்த ஆண்டு விழா முடிந்து ஆறாவது கிழமை. பாலர் பாடசாலைத் தாய்மாரின் வாய்வழியாகக் கதை புத்தூருக்கும் போயிருந்தது. அவருடைய அண்ணை தோட்டத்து லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தைப் பின்பெட்டியோடு கொண்டுவந்து படலையில் நிற்பாட்டினார். இந்த முறை உள்ளே வரவில்லை. அம்மா கூப்பிட்டதற்கு, "இல்லைப் பிள்ளை, நேரம் போகுது" என்றார். யாரையும் ஏசவில்லை. மாமியின் ட்ரங்குப் பெட்டியையும் தையல் மெஷினையும் அப்பாவும் அவரும் தூக்கி ஏற்றினார்கள். ஆங்கில வகுப்புக் கொப்பிகள் அறையிலேயே கிடந்தன. அம்மா எடுத்துக்கொண்டு ஓடினார். மாமி வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

நான் படலைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏதோ நடக்கிறது என்று தெரிந்தது. அதற்கும் எனக்கும் என்ன தொடர்பு என்று தெரியவில்லை. நான்தான் உண்மையைச் சொல்லி மன்னிப்பும் வாங்கிவிட்டேனே.

மாமி ஏறப்போனவர் திரும்பி வந்தார். அண்ணைக்குக் கேட்காதபடி குனிந்து, மெதுவாகக் கேட்டார்.

"குஞ்சு, ஒண்டு கேக்கட்டே? அண்டைக்கு நீ கையைக் காட்டின அந்த ஆள்... கொஞ்சமாவது மாமாவின்ரை சாயலிலை இருந்தவரோ?"

அவருடைய முகம் எனக்கு மிகவும் கிட்ட இருந்தது. நான் நன்றாக யோசித்தேன். இது என்னைச் சோதிக்கும் கேள்வி என்று பட்டது. இன்னொரு தடவை பொய் சொல்வேனோ என்று பார்க்கிறார். இந்த முறை நான் விழமாட்டேன்.

"இல்லை மாமி" என்றேன் உறுதியாக. "நான் ஒருத்தரையும் பாக்கேல்லை. சும்மாதான் கையைக் காட்டினனான்."

மாமி என் சட்டைக் கொலரை இன்னொரு தடவை நேராக்கினார். பிறகு "சரி" என்றார்.

லான்ட்மாஸ்டர் ஒழுங்கையின் கடைசியில் திரும்பி மறையும் வரை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். மாமி திரும்பிப் பார்த்துக் கெட்டிக்காரி என்று சொல்லுவார் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. எனக்குப் பெரிய மனக்குறையாகப் போய்விட்டது. அறை வாசலில் கொப்பிகளோடு நின்ற அம்மாவிடம் போய்க் கேட்டேன்.

"நான் சரியாத்தானே அம்மா சொன்னனான். பேந்து ஏன் மாமி ஒண்டும் சொல்லேல்லை?"